டிரெஸ்டனில் ஸெம்பர் கட்டிய இரண்டு கட்டடங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மையீர்,

வணக்கம். மூன்றாண்டுகளாக மியூனிக்கில் வேலையில் இருக்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைச் சென்ற மாதம் டிரெஸ்டனுக்கு அழைத்துப் போனேன். ஃப்ராவன்கிர்ஹே தேவாலயம், ஸ்விங்கர் அரண்மனை, ஸெம்பர் இசைநாடக அரங்கு, அரசர்களின் ஊர்வலம் தீட்டப்பட்ட பீங்கான் சுவர் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். மாலையில் வழிகாட்டி, தேவாலயம் 2005இல்தான் கட்டி முடிக்கப்பட்டது என்றும் அரங்கு 1985இல் மீண்டும் திறக்கப்பட்டது என்றும் சொன்னபோது, “அப்படியானால் நாம் பார்த்ததெல்லாம் நகல்தானா?” என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஒரு பாவமும் அறியாத கலைநகரத்தில் லட்சக்கணக்கானோரைக் குண்டுவீசிக் கொன்றதை நினைத்து வருந்தினோம். புதிதாகக் கட்டிய தேவாலயத்தில் கரி படிந்த கற்களை ஏன் கழுவாமல் விட்டிருக்கிறார்கள்? நகலைப் பார்க்க இவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா? அடுத்த முறை பக்கத்திலிருக்கும் மைசன் நகருக்கும் ஒரு நாள் ஒதுக்கலாமா?

க., மியூனிக்

அன்புள்ள க.,

2024 செப்டம்பரில் டிரெஸ்டனின் கரோலா பாலத்தின் ஒரு பகுதி எல்பே ஆற்றுக்குள் சரிந்து கிடந்த படங்களைப் பார்த்ததிலிருந்து, அந்தப் பாலத்தின் தென்கரை முனையில் நிற்கும் ஒரு கட்டடம் என் நினைவைவிட்டு அகலவில்லை. நீங்கள் பார்த்தவற்றின் பட்டியலில் அது இல்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மைசனுக்குப் போய்வாருங்கள், உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றுமில்லை. அப்பாவின் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் பதில் அந்தத் தேவாலயத்தின் சுவரிலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கழுவவில்லையே என்று நீங்கள் கேட்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அது கரி அல்ல, தம்பி. சாக்சனியின் மணற்கல், வெட்டியெடுக்கும்போது மஞ்சள் வெண்மையாக இருந்து, காற்றும் மழையும் பட்டு ஆண்டுகள் செல்லச் செல்லக் கருக்கும் இயல்புடையது. நீங்கள் பார்த்த ஸ்விங்கரும் அப்படித்தான் கருத்திருக்கிறது. கியோர்க் பேர் வடிவமைத்து 1726 முதல் 1743 வரை கட்டிய இந்தத் தேவாலயம், 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் உடனே விழுந்துவிடவில்லை. உள்ளே பற்றிய தீயின் வெம்மையில் தூண்கள் வலுவிழந்து, பிப்ரவரி 15 காலையில் கற்குவிமாடத்தின் எடையைத் தாங்க மாட்டாமல் சரிந்தது. கிழக்கு ஜெர்மனியின் காலம் முழுவதும் அந்த இடிபாடு நகர நடுவில் ஒரு குன்றுபோலக் கிடந்தது. 1982 முதல் இளைஞர்கள் பிப்ரவரி 13 அன்று அங்கே மெழுகுவத்தி ஏந்தி வந்து அமைதிக்காக நின்றார்கள். 1993 முதல் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிட்டு, அது குவியலில் விழுந்து கிடந்த இடத்தையும் பழைய ஒளிப்படங்களையும் கணினியில் ஒப்பிட்டு, முன்பு சுவரில் எங்கே இருந்ததோ முடிந்தவரை அங்கேயே மீண்டும் வைத்தார்கள். கறுப்பாகத் தெரிபவை அந்தக் கற்கள். வெளுப்பாகத் தெரிபவை புதியவை. ஏறத்தாழ 18 கோடி யூரோ செலவில் பெரும்பகுதி உலகெங்கிலுமிருந்து வந்த நன்கொடை. உச்சியில் இருக்கும் பொற்சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித், டிரெஸ்டன்மீது குண்டுவீசிய விமானி ஒருவரின் மகன். எது பழையது, எது புதியது என்று யாரும் படிக்கும்படி எழுதிவைத்திருக்கும் ஒரு சுவரை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகல் செய்பவர் பழைய கல்லையும் புதிய கல்லையும் ஒரே நிறமாக்கியிருப்பார். நீங்கள் கழுவச் சொல்வதும் அதைத்தான்.

இசைநாடக அரங்கு அழிந்து எழுந்த கதை இன்னும் பழையது. கட்டடக் கலைஞர் கோட்ஃபிரீட் ஸெம்பர் கட்டிய முதல் அரங்கு 1841இல் திறக்கப்பட்டு 1869இல் எரிந்துபோனது. 1849 எழுச்சியில் பங்கெடுத்ததால் ஸெம்பர் அதற்கு வெகுமுன்பே நகரத்தைவிட்டுத் தப்பியோடியிருந்தார். அவர் வரைபடத்தைக் கொண்டு மகன் மான்ஃபிரட் 1878இல் இரண்டாவது அரங்கைக் கட்டி முடித்தார். அது 1945இல் அழிந்து, சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து 1985 பிப்ரவரி 13 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. 1878இல் அதன் முன் நின்ற ஒருவரும் உங்கள் அப்பா கேட்ட கேள்வியைக் கேட்டிருக்க முடியும்.

ஆனால் ஸெம்பர் இந்த நகரத்தில் அரங்கு திறப்பதற்கு முன்பே இன்னொன்றைக் கட்டி முடித்திருந்தார். 1838 முதல் 1840 வரை அவர் கட்டிய யூதர்களின் ஜெப ஆலயம் அது. அது விமானத்திலிருந்து விழுந்த குண்டால் அழியவில்லை. 1938 நவம்பர் 9 இரவு, அதே ஊரில் வாழ்ந்த நாஜிகள் அதற்குத் தீவைத்தார்கள். பின்னர் எஞ்சியிருந்த சுவர்களும் தகர்க்கப்பட்டன; தகர்த்த செலவை யூதச் சமூகத்தின் தலையிலேயே கட்டினார்கள். தேவாலயம் விழுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த நகரம் தன் கலைச்செல்வங்களில் ஒன்றைத் தன் கையாலேயே எரித்துவிட்டது. இந்த வரிசையைத் தெரிந்துகொள்ளாமல் டிரெஸ்டனைப் பார்த்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

இதைக் கோபத்தோடு எழுதுகிறேன் என்றால், அந்தக் கோபத்தில் பாதி என்மீது. முதல் முறை போனபோது நானும் உங்களைப் போலத்தான் நடந்தேன். ஆற்றையொட்டிய பிரூல் மாடத்தில் கிழக்கு நோக்கி நடந்து, அதன் முனையில் சன்னல் இல்லாத, மணல்நிற, முறுக்கிவைத்தாற்போன்ற ஒரு கனசதுரத்தைப் பார்த்து, ஏதோ கிடங்கு என்று எண்ணித் திரும்பிவிட்டேன். குளிர்காலம்; கால்கள் வலித்தன; தேவாலயத்தின் படிகளில் விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். நான் திரும்பிய இடம்தான், கரோலா பாலத்தின் அந்த முனைதான், ஸெம்பரின் ஜெப ஆலயம் நின்ற இடம் என்று தெரிய எனக்கு நான்காண்டுகள் ஆயின. தெரிந்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு நகரம் எதைக் காட்டுகிறதோ அதை மட்டுமே பார்த்துத் திரும்பியவள் நான்.

இப்போது உங்கள் கடிதத்தின் அந்த வரிக்கு வருகிறேன். ‘ஒரு பாவமும் அறியாத நகரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இறந்தவர்களுக்காக வருந்துங்கள், அந்த வருத்தம் நியாயமானது. தீயிலும் நிலவறைகளின் நச்சுப்புகையிலும் மாண்ட குழந்தைகளுக்கு எந்த அரசின் பாவத்திலும் பங்கில்லை. ஆனால் லட்சக்கணக்கானோர் என்ற கணக்கு நாஜிப் பிரசாரம் பெருக்கிச் சொன்னது. நகர நிர்வாகம் அமைத்த வரலாற்றறிஞர் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்து 2010இல் சொன்ன எண்ணிக்கை அதிகபட்சம் 25,000. பொய்யை நீக்கினாலும் அந்தத் துயரம் சிறிதும் குறைவதில்லை.

அந்த பிப்ரவரி 13 காலையில் விக்டர் கிளெம்பெரர் என்ற முன்னாள் பேராசிரியர், ஊரில் மிஞ்சியிருந்த யூதர்கள் சிலருக்கு வீடுவீடாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று நாட்களில் கட்டாய வேலைக்கென்று புறப்பட வேண்டும் என்பது ஆணை. அது எங்கே கொண்டுபோகும் என்பது கொடுத்தவருக்கும் வாங்கியவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. மனைவி யூதர் அல்லர் என்பதால் மட்டுமே அவர் அதுவரை பிழைத்திருந்தவர். அன்றிரவு குண்டுகள் விழுந்தன. அவர் நெருப்பினூடே ஓடி, நான் கால்வலியென்று திரும்பிய அதே பிரூல் மாடத்தில் இரவைக் கழித்தார். யூதர் என்ற அடையாளமாக அவர் மேலங்கியில் தைக்கப்பட்டிருந்த மஞ்சள் நட்சத்திரத்தை மனைவி ஏவா சிறு கத்தியால் அறுத்தெடுத்தார். அந்தக் குழப்பத்தில் இருவரும் தப்பினார்கள். ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அந்த இரவுதான் அவரைக் காத்தது. இதை எந்தத் தராசிலும் வைத்து நிறுக்க எனக்குத் தெரியாது. நீங்களும் நிறுக்க வேண்டாம். பாவமறியாத நகரம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள், ஏனெனில் அந்தச் சொல்லுக்குள் கிளெம்பெரர் இல்லை.

அரங்கு பழையபடியே எழுந்தது. அதே ஸெம்பரின் ஜெப ஆலயம் எழவில்லை. சோவியத் நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களால் மீண்டும் பெருகிய யூதச் சமூகத்துக்காக, 2001 நவம்பர் 9 அன்று அங்கே முற்றிலும் புதிய வடிவிலொரு கட்டடம் திறக்கப்பட்டது. மனையின் போக்கு கிழக்கு நோக்கி அமையாததால், கல்வரிசை ஒவ்வொன்றையும் கீழ்வரிசையைவிடச் சற்றே திருப்பி அடுக்கி, மேலே போகும்போது கட்டடம் கிழக்கைப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். நான் முறுக்கென்று பார்த்தது தொழுகைத் திசையை நோக்கிய அந்தத் திருப்பத்தை. பழைய ஆலயத்தின் எல்லை முற்றத்தின் தரையில் கோடாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. குண்டால் இடிந்ததைத் திரும்பக் கட்டியதும் சரி, தன் மக்களே எரித்ததைத் திரும்பக் கட்டி ஒன்றும் நடவாததுபோல் நிறுத்தாததும் சரி.

பழைய ஆலயத்திலிருந்து மிஞ்சியது ஒரு தாவீது நட்சத்திரம். ஆல்ஃபிரட் நாய்கேபாவர் என்ற தீயணைப்பு வீரர் 1938இல் அதை எடுத்துப் போய் வீட்டில் ஒளித்துவைத்து, போர் முடிந்தபின் யூதச் சமூகத்திடம் திருப்பிக் கொடுத்தார். இன்று அது புதிய ஆலயத்தின் வாயிலுக்கு மேலே இருக்கிறது. உங்கள் அப்பா தேடிய அசல், கையை உயர்த்திக் காட்டும் தொலைவில்.

அப்பா அடுத்த முறை வரும்போது தேவாலயத்திலிருந்து மெதுவாக நடத்தி அழைத்துப் போங்கள். பத்து நிமிடம் போதும். வழியில் உட்காரப் பெஞ்சுகள் உண்டு. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள். வேறொரு நாளில் செல்லுங்கள்.