முகம் தெரியாத விமானிகள் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். ஆங்கில ஓவியர் பால் நாஷ் வரைந்த ‘பிரிட்டன் சமர்’ ஓவியத்தைப் பற்றி மனம் நிறைந்து எழுதியிருந்தீர்கள். இணையத்தில் தேடிப் பார்த்தேன், ஏமாற்றமாகிவிட்டது. வானம் முழுக்க வெள்ளைக் கோடுகள், கீழே ஓர் ஆறு, அவ்வளவுதான். 1940இல் ஜெர்மன் விமானப்படையோடு மோதி, உயிரைக் கொடுத்து பிரிட்டனைக் காத்த விமானிகளில் ஒருவர் முகம்கூட இல்லை. என் அறையில் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் படம் ஒன்றை மாட்டியிருக்கிறேன். அதில் ரிவெட்டைக்கூட எண்ணலாம், விமானியின் கண் தெரியும். 71 போரின்போது என் அப்பா விமானப்படையில் மெக்கானிக். விமானிகள் மீதான மரியாதை எனக்கு வீட்டிலிருந்து வந்தது. நாஷ் படத்தில் அந்த மரியாதை எங்கே?

கே., கோவை

*

அன்புள்ள கே.,

நாஷின் படங்களைப் பற்றி இதே குறையை 1940இலேயே பிரிட்டிஷ் விமான அமைச்சகம் சொல்லிவிட்டது. நாஷைப் போர் ஓவியராக நியமித்து விமானப்படையோடு சேர்த்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது விமானிகளின் முகங்கள். இவரோ இங்கிலாந்து வயல்களில் விழுந்து கிடந்த ஜெர்மன் விமானங்களை வரைந்துகொண்டிருந்தார். அந்த ஆண்டு முடியும்போது வேலை போய்விட்டது. போர் ஓவியர் குழுவின் தலைவர் கென்னத் கிளார்க் முயற்சியில், நாஷின் படங்களை வாங்க அந்தக் குழு 500 பவுண்டு ஒதுக்கியது. அடுத்த ஆண்டு இந்த ஓவியம் வந்தது.

நாஷுக்குக் கடுமையான ஆஸ்துமா, பறக்கவே முடியாதவர். 1940 கோடையில் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் பக்கம் வயலில் நின்றவர்களுக்கும் விமானியின் முகம் தெரியவில்லை. பல நாள் சண்டை இருபதாயிரம் அடிக்கு மேலே. எஞ்சின் புகையிலிருக்கும் நீராவி அந்தக் குளிரில் பனித்துகளாக உறைந்து கோடாக நிற்கும், அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். படத்தை மறுபடி பாருங்கள். ஒரு பக்கம் ஜெர்மன் விமானங்கள் வரிசை கலையாமல் வருகின்றன. நடுவே சுழன்று சுழன்று பூத்திருக்கும் வெள்ளைக் கோடுகள், அந்த வரிசைக்குள் புகுந்து கலைத்தவர்கள் விட்டுப்போன தடம். ஒரு விமானம் கரும்புகையோடு கீழே போகிறது. அது யாருடையது என்று தெரியாமல் நின்று பார்ப்பவனின் நெஞ்சுப் படபடப்பு எனக்கு அந்தப் படத்தில் கேட்கிறது.

சரி, முகங்கள். கத்பெர்ட் ஓர்ட் (Cuthbert Orde) வரைந்த கரிக்கோட்டுப் படங்களைத் தேடிப் பாருங்கள். முதல் உலகப்போரில் அவரே விமானி. அமைச்சகம் சொல்லி, விமானத்தளம் விமானத்தளமாகப் போய் நூற்றைம்பது பேருக்கு மேல் உட்கார வைத்து வரைந்தார். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். பிரிட்டன் சமரில் பறந்த ஏறக்குறைய மூவாயிரம் பேரில் 544 பேர் அந்தச் சில மாதங்களிலேயே இறந்தார்கள். இது தெரிந்தபின் அந்த முகங்களை வேகமாகப் புரட்ட என்னால் முடிந்ததில்லை.

உங்கள் அறைப் படத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒன்று மட்டும் பாருங்கள்: அதில் விமானி எங்கே பார்க்கிறார்? நேராகவா? நேராகவே பார்த்துப் பறந்தவர்கள் அதிக நாள் தாங்கவில்லை. பின்னால் யார் வருகிறார்கள் என்று தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். காலர் உராய்ந்து கழுத்து புண்ணாகும். அதற்காகத்தான் பட்டுத்துணி சுற்றிக்கொண்டார்கள், அலங்காரத்துக்கு அல்ல. ஒரு விமான ஓவியத்தில் நான் முதலில் தேடுவது அந்தத் திரும்பிய கழுத்தைத்தான். ரிவெட்டெல்லாம் அப்புறம்.

உங்கள் அப்பா மெக்கானிக் என்கிறீர்கள். தான் சரிபார்த்து அனுப்பிய விமானம் திரும்பும் நேரத்தில் தரையில் நின்று வானத்தைப் பார்த்தவர். நாஷ் படத்தைத் திரையில் பெரிதாக்கி அவரிடம் காட்டுங்கள், எதையும் விளக்காதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.