வங்காள நாட்டுப்புறக் கதைகள்ல பொண்ணுங்க அழுதுட்டே தான் இருப்பாங்களா?

இல்லைங்க. 1907ல தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார் தொகுத்த 'தாக்குர்மார் ஜூலி'ல கிரணமாலா கதை இருக்கு. அண்ணனுங்க அருண், பருண் ரெண்டு பேரும் மாயமலையில திரும்பிப் பாத்து கல்லாயிடுறாங்க, அப்புறம் தங்கச்சி ராஜகுமாரன் வேஷம் போட்டு வாளோட கிளம்புறா, பின்னாடி எத்தன சத்தம் கேட்டாலும் திரும்பவே மாட்டா, கடைசில அண்ணனுங்களோட சேத்து அங்க கல்லா கிடந்த எல்லா ராஜகுமாரனுங்களையும் எழுப்பிடுறா. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஆனா அந்த தைரியத்துக்கு ஆம்பள டிரெஸ் தேவைப்படுது பாருங்க, அது உறுத்தும்.

அம்மாக்கள் நெலம தான் மோசம். கிரணமாலா கதைல ராணியோட கூடப்பொறந்த அக்காமாருங்க, அதே தொகுப்புல இருக்குற 'சாத் பாய் சம்பா' கதைல மூத்த ராணிங்க, பொறாமைல குழந்தைங்கள மறைச்சுட்டு வேற என்னமோ பொறந்துச்சுன்னு சொல்லிடுறாங்க, ராஜா ஒரு வார்த்தை விசாரிக்காம பெத்தவள துரத்திடுறார். 'சாத் பாய் சம்பா'ல சின்ன ராணி சாணி பொறுக்குற வேலைக்காரி ஆயிடுறா. தண்டனை பூரா அந்த மூத்த ராணிங்களுக்கு, ராஜாவுக்கு ஒண்ணுமே இல்ல!

பல பொண்டாட்டி கட்டுற குடும்பத்துல பிள்ளை பெத்தா தான் மரியாதைங்கற பயம் தான் இப்படி வில்லியா வருதுன்னு நான் நினைக்கிறேன். அதே தொகுப்புல இருக்குற 'லால்கமல் நீல்கமல்' கதைல மனுஷி உருவத்துல வர்ற ராட்சசி ராணியும் அதே பயம் தான்.