கார் ஏசி ஆயில்: வாசகர் கேள்விகளுக்கு பதில்

கே: கேஸ் மெதுவா லீக் ஆகுது, வருஷா வருஷம் கேஸ் போடுறேன். ஆயிலும் போடணுமா? (வேளச்சேரி)

வருஷா வருஷம் கேஸுக்கு குடுக்குற காசுல லீக்கை எப்பவோ சரி பண்ணியிருக்கலாம் சார். மெல்ல கசியுறப்போ, கேஸோட சேர்ந்து சுத்துற கம்ப்ரஸர் ஆயில் கொஞ்சமாதான் வெளிய போகும். குழாய் ஜாயின்ட்ல எங்கயாவது எண்ணெய்ப்பிசுக்கோட தூசி அப்பியிருக்கான்னு பாருங்க, முதல்ல அங்க செக் பண்ண சொல்லுங்க.

கே: கல்லு அடிச்சு கண்டென்சர் ஓட்டை, புதுசு மாத்தியாச்சு. எவ்ளோ ஆயில்? (அம்பத்தூர்)

என்ன வண்டி, எந்த வருஷ மாடல், ஒண்ணும் எழுதல. நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? பொதுவா கண்டென்சருக்கு (முன்னாடி இருந்து சூட்டை வெளிய விடுற காயில்) ஒரு 30 மில்லி, கூலிங் காயிலுக்கு 50 வரைக்கும், ட்ரையருக்கு (ஈரத்தை உறிஞ்சுற டப்பா) 20, ஹோஸுக்கு 10. பீச்சி அடிச்சு வெளிய போயிருந்தா இன்னும் கொஞ்சம். ஆனா உங்க வண்டி சர்வீஸ் மேனுவல் என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு. அளந்து ஊத்துங்க.

கே: எங்க மெக்கானிக் ஒவ்வொரு தடவை கேஸ் போடும்போதும் ஒரு மூடி ஆயில் ஊத்துறாரு, கம்ப்ரஸருக்கு நல்லதாம். சரியா? (தாம்பரம்)

இதைக் கேட்டா எனக்கு பத்திக்கிட்டு வரும். சின்ன கார்ல மொத்த ஆயிலே 100, 150 மில்லிதான், அதுல வருஷாவருஷம் கோயில் விளக்குக்கு விடுற மாதிரி ஊத்திக்கிட்டே போனா கூலிங் காயில் உள்பக்கமெல்லாம் ஆயில் படிஞ்சு குளிர் குறையும், சிக்னல்ல நின்னா வெறும் காத்துதான் வரும், உடனே அதே ஆளு 'கேஸ் கம்மி சார்'னு இன்னும் கேஸ் ஏத்துவாரு, பிரஷர் எகிறும், கடைசில அது கம்ப்ரஸருக்கே உலை வைக்கும். அப்படி வந்த ஒரு வண்டில சக்‌ஷன் பைப்பை கழட்டினதும் லீக் கண்டுபிடிக்க விடுற பச்சை டை (சாயம்) கலந்த ஆயில் என் செருப்பு மேலயே ஊத்துச்சு. வேக்யூம் போட்டா, அதாவது மெஷின் வச்சு உறிஞ்சினா, ஆயில் வெளிய வந்துடும்னு நினைக்காதீங்க, வராது, காத்தும் ஈரமும்தான் போகும். கம்ப்ரஸர் மாத்துறப்பவும் இதே கூத்துதான்: புதுசு பெரும்பாலும் ஃபுல் ஆயிலோட வரும், பழைய ஆயில் பாதி லைன்லயே நிக்கும். பழைய கம்ப்ரஸர்ல இருந்து வடிச்சதை அளந்து, புதுசுல அந்த அளவுக்கு மட்டும் வச்சுட்டு மீதியை எடுத்துடணும். பழசுல ரொம்ப கம்மியா வந்தா மேனுவலைப் பாருங்க. அளக்குற கப் 50 ரூபா கூட இல்ல, அதை வாங்க ஏன்தான் இவ்ளோ யோசனையோ.

கே: போன வருஷம் பிரிச்ச பாட்டில் பாதி மிச்சம் இருக்கு. ஊத்தலாமா? (ராயபுரம்)

கூடாது. பெட்ரோல், டீசல் கார் ஏசிக்கு வழக்கமா ஊத்துற பிஏஜி ஆயில் ஈரத்தை உறிஞ்சும், கடல் காத்துக்கு கேக்கவே வேணாம். சின்ன பாட்டிலா வாங்குங்க.

கே: சென்னை ஜி.பி. ரோட் கடைல பிஏஜி 46 நம்பர் ஆயில் இல்லையாம், 100 நம்பர் தர்றாங்க. ஊத்தலாமா? (போரூர்)

வேணாம். அந்த நம்பர் ஆயில் எவ்ளோ கெட்டின்னு சொல்றது. கம்ப்ரஸர் லேபிள்ல என்ன நம்பரோ அதேதான்.

கே: எலக்ட்ரிக் காருக்கும் இதே ஆயில்தானா? (சோழிங்கநல்லூர்)

ஐயோ, இல்லவே இல்ல. அதுல பெரும்பாலும் பிஓஇ-ன்னு வேற வகை ஆயில், ஏன்னா கம்ப்ரஸர் மோட்டார் அந்த ஆயில்லயே கிடக்குது, கரன்ட் கடத்தாத ஆயிலா இருக்கணும். பிஏஜி கலந்தா இன்சுலேஷன் போயிடும். பெட்ரோல் வண்டிக்கு கேஸ் போட்ட மெஷின் ஹோஸ்ல மிச்சமிருக்குற ஆயில் கூட ஆகாது, அதனால தனி மெஷின் இருக்கான்னு கேட்டுட்டு வண்டியை விடுங்க.