பேனர் வைத்தீர்கள், அவளிடம் சொன்னீர்களா?

கேள்வி: என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், தம்பி ஏழாவது. பள்ளியில் வளரிளம் பருவ வகுப்பு எடுக்கப் போகிறார்களாம், கருத்தடை, ஆணுறை வரைக்கும் சொல்வார்களாம். ‘கல்யாணம் வரைக்கும் ஒழுக்கமாக இருங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாதா? இதையெல்லாம் சொன்னால் இல்லாத ஆசை வராதா? இவள் வேறு பயந்த சுபாவம். போன வருஷம் வயசுக்கு வந்தப்போகூட கேன்சர் என்று நினைத்து ரெண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் அழுதாள். அப்புறம் மண்டபம் பிடித்து, தெருமுனையில் பேனர் வைத்து நல்லபடியாகச் செய்தோம். வகுப்பு வேண்டாம் என்று பெற்றோர்கள் மனு கொடுக்கிறார்கள். நானும் கையெழுத்துப் போடலாமா?
- ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: போடாதீர்கள். மனு கிடக்கட்டும், முதலில் அந்த ரெண்டு நாளைப் பற்றிப் பேசுவோம்.

ரத்தத்தைப் பார்த்துச் சாகப் போகிறோம் என்று நினைத்த பெண்ணுக்கு, அதே வீட்டில் இருக்கும் அம்மாவிடம் ஓடிவரத் தோன்றவில்லை. அதைச் சுபாவம் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். இடுப்புக்குக் கீழே எதைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்று அவளுக்குப் பழக்கியது இந்த வீடுதான். பிறகு தெருமுனையில் அவள் போட்டோவோடு பேனர். ஷேர் ஆட்டோவில் போகிறவருக்குக்கூட அவள் உடம்பில் நடந்தது தெரியும். அது என்ன, எதற்கு வருகிறது என்று அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. தாய்மாமன் சீர் வரட்டும், மஞ்சள் நீர் ஊற்றுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பந்திக்கு எத்தனை இலை என்று கணக்குப் பார்த்த நேரத்தில் கால் மணி நேரம் அவளோடு உட்கார்ந்திருக்கலாமே, அம்மா!

படிக்கிற வயதில் உறவு வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். அதைத் தெளிவாகச் சொல்வது பெற்றோர் கடமை, பள்ளியும் சொல்லட்டும். ஆனால் அதை மட்டுமே சொன்னால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் பார்த்தாகிவிட்டது. 1996இல் சட்டம் போட்டு, ‘கல்யாணம் வரை வேண்டாம்’ என்று மட்டும் சொல்லும் பாடத்துக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அரசு சார்பில் நடந்த ஆய்வு 2007இல் வந்தது. உறவு கொண்டவர்களை எடுத்துப் பார்த்தால், அந்தப் பாடத்தைப் படித்தவர்கள், படிக்காதவர்கள் இரு பக்கமும் அது தொடங்கிய சராசரி வயது 14.9. முழுப் பாடமும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் சீக்கிரம் உறவுக்குப் போவதில்லை என்று யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி சொல்கிறது. ‘இல்லாத ஆசை வராதா’ என்ற உங்கள் பயத்துக்கு அதுதான் பதில்.

இங்கேயோ 2007இல் பல மாநிலங்கள் பள்ளிகளில் வளரிளம் பருவப் பாடத்தையே நிறுத்தின. அதே ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதப் பிள்ளைகள் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ‘ஒழுக்கமாக இரு’ என்பதை மட்டுமே கேட்டு வளர்ந்த பெண்மீது யாராவது கை வைத்தால், தன் ஒழுக்கம்தான் போய்விட்டது என்று நினைப்பாள், மூடி மறைப்பாள். ரெண்டு நாள் மறைத்தவள் அதை ரெண்டு வருஷம் மறைப்பாள்.

அடுத்த முறை அவள் நாப்கின் கேட்கும்போது ஆரம்பியுங்கள். கருப்பையில் மாதாமாதம் ஒரு மெத்தை மாதிரி உருவாகிறது, கரு தங்காவிட்டால் கரைந்து வெளியே வருகிறது என்று சொல்லுங்கள். இந்த வயதில் 21 முதல் 45 நாளுக்கு ஒருமுறை வரலாம், 2 முதல் 7 நாள் இருக்கலாம். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்று நனைந்தாலோ, மூன்று மாதம் வராமல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ‘இந்த நாளில் கரு தங்காது’ என்று தோழிகள் போடும் கணக்கு இந்த வயதுக்கு ஒத்துவராது. முதல் சில வருஷம் சுழற்சி ஒழுங்காக இருக்காது, விந்தணுவோ 5 நாள் வரை உயிரோடு இருக்கும்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குள் உறவுக்கு அவள் சம்மதித்தாலும் அது சம்மதம் ஆகாது, வழக்கு உறவு கொண்ட பையன்மேல் வரும் என்பதையும் சொல்லுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். சிகிச்சைக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. போலீஸ் புகார் கொடுத்த பிறகுதான் வைத்தியம் என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. கரு தங்காமல் இருக்க அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, கொடுக்க வேண்டும். நேரம் முக்கியம் என்பதால் ‘என்ன ஆனாலும் என்கிட்ட சொல்லு, அடிக்க மாட்டேன்’ என்று இப்போதே சொல்லி வையுங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

மனுவுக்குப் பதில் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். வகுப்பு எடுப்பது நர்ஸா, டாக்டரா? பாடத்தைப் பெற்றோருக்கு முதலில் காட்டுவார்களா? பெயர் எழுதாமல் கேள்விச் சீட்டு போட ஒரு பெட்டி வைப்பார்களா? பையன்களுக்கும் உண்டா? இவற்றைக் கேளுங்கள்.

தம்பியை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். தூக்கத்தில் விந்து வெளியாவது நோய் இல்லை என்று அவனுக்கு அவன் அப்பா சொல்லட்டும். இந்த ஒரு பயத்தை வைத்துத்தான் லாட்ஜ் வைத்தியர்கள் பையன்களிடம் காசு பறிக்கிறார்கள். கூடப் படிக்கும் பெண்ணின் ஆபாசப் படத்தை போனில் அனுப்பினால் அவன்மேலும் வழக்கு வரும் என்பதையும் அவரே சொல்லட்டும். ஷிஃப்ட் முடியட்டும், லீவு வரட்டும் என்று அவர் தள்ளிப்போட்டால் விடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசச் சொல்லுங்கள்.