முகம் எரிவது தண்ணீராலா?

கேள்வி: எனக்கு வயது 24. வேலைக்காகத் திருப்பூர் வந்து ஒன்றரை வருடமாகிறது. இங்கே போர் தண்ணீர்தான். முகத்தில் தண்ணீர் பட்டாலே எரிகிறது, கன்னம் சிவந்துவிடுகிறது, பருவும் வருகிறது. தினமும் ஐந்தாறு முறை ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுகிறேன். கடலை மாவு, எலுமிச்சைச் சாறு, ஐஸ் கட்டி எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். மூக்கில் கரும்புள்ளியும் துவாரங்களும் வேறு. இரவில் தோழி சொன்ன க்ரீமை ஒரு வருடமாகப் பூசுவதால் ஏதோ சமாளிக்கிறேன். இரண்டு நாள் விட்டாலும் முகம் நெருப்பாக எரிகிறது. எந்த ஃபேஸ்வாஷ் நல்லது? தை மாதம் கல்யாணம். முகம் இப்படியே இருந்துவிடுமா?

பதில்: முதலில் அந்த க்ரீம் ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருக்கிறதா? இவை எல்லாமே ஸ்டீராய்டு, அதாவது தோல் அழற்சியை அடக்கும் மருந்துகள். இருந்தால், திருப்பூர்த் தண்ணீரைக் குறை சொல்வதை விட்டுவிடுங்கள்.

'இரண்டு நாள் விட்டாலும் எரிகிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் பயப்படுகிற வரி அது ஒன்றுதான். ஸ்டீராய்டு பூசியதும் தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கும். சிவப்பு அடங்கி, முகம் வெளுத்துத் தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, தன் காப்பை இழக்கும். பிறகு ஒரு நாள் நிறுத்தினாலும் சுருங்கிய குழாய்கள் விரிந்து எரிச்சல், சிவப்பு, பரு எல்லாம் சேர்ந்து வரும். 'க்ரீம் போடாததால்தான் இப்படி ஆகிறது' என்று நினைத்து மறுபடியும் பூசுவார்கள். என்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் இந்தச் சுழலில் வருடக்கணக்கில் சிக்கியவர்கள். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சுமருந்துகளை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இருந்தும் பெயர் சொன்னால் மெடிக்கல் ஷாப்பில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. உங்கள் மேல் அல்ல.

கன்னத்தில் மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரிகின்றனவா, பூனைமுடி அடர்ந்திருக்கிறதா என்றும் கண்ணாடியில் பாருங்கள்; இவையும் ஸ்டீராய்டு பாதிப்பின் அடையாளங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். ட்யூபையும் கொண்டுபோங்கள். மருந்தின் பெயரே இல்லாத டப்பா என்றால், கட்டாயம் கொண்டுபோங்கள். உடனே நிறுத்துவதா, வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக விடுவதா என்பதை அவர் உங்கள் தோலைப் பார்த்துச் சொல்வார். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

இப்படியே இருந்துவிடாது. ஆனால் நிறுத்திய முதல் சில வாரங்கள் இப்போதைவிட மோசமாகத் தோன்றலாம். முழுதாக அடங்கப் பல மாதங்களும் ஆகலாம். கல்யாணம் வரைக்கும் பூசிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதுவரை ப்ளீச், ஃபேஷியல் எதுவும் வேண்டாம் என்று பார்லரிலும் சொல்லிவிடுங்கள்.

இனி முகம் கழுவுவது. ஆறு முறை வேண்டவே வேண்டாம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மிகவும் வியர்த்தால் வெறும் தண்ணீரில் இன்னொன்று. ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பிஹெச் அளவு சுமார் 5 (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சாதாரண சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கும். ஏற்கெனவே மெலிந்த தோலில் அதை ஆறு முறை தேய்த்தால் எரியாமல் என்ன செய்யும்? வாசனையில்லாத, அதிகம் நுரைக்காத க்ளென்சர் போதும்; விலை முக்கியமில்லை. கையைக் கழுவிவிட்டு, விரல் நுனியால் அரை நிமிடம் மெதுவாகத் தடவி, வெந்நீர் படாமல் நன்றாக அலசுங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசுங்கள்.

உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாமல் தோலில் படிந்து வறட்சி உண்டாக்கும். சோப்பில்லாத க்ளென்சருக்கு மாறினால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். தண்ணீர் கேன் வாங்கி முகம் கழுவ வேண்டாம்.

எலுமிச்சைச் சாற்றை இன்றே விடுங்கள். அது கடுமையான அமிலம். பூசிய முகத்தோடு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடக்கூடும். வீடியோவில் சொல்கிறவர் உங்கள் கன்னத்தைப் பார்த்ததில்லை. கடலை மாவைத் தேய்ப்பதும் இப்போது வேண்டாம். மூக்கின் துவாரங்கள் எல்லோருக்கும் இருப்பவை, ஐஸ் வைத்தால் மூடிக்கொள்ளாது. புள்ளிகளைப் பிதுக்கினாலும் சில வாரங்களில் திரும்ப வரும். விட்டுவிடுங்கள்.

உங்கள் தோழியும் அதே க்ரீமைத்தான் பூசுகிறாரா? அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.