அப்பாவின் சிறுநீரகத் தமனி சுருக்கம்: ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா?

மூன்று மாத்திரை போட்டும் அப்பாவுக்கு பிரஷர் 170-க்குக் கீழே இறங்கவில்லை, ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கியபின் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 1.2-லிருந்து 1.9 ஆகிவிட்டது, டாப்ளர் ஸ்கேனில் இடது சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கிறது என்கிறீர்கள். சிறுநீரகத்துக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நிறைய இருக்கிறது. உடம்பு முழுக்க பிரஷர் ஏறிக் கிடந்தாலும், சுருக்கத்துக்குப் பின்னால் இருக்கும் சிறுநீரகத்துக்கு வருவது குறைவுதான். போதவில்லை என்று அது ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அதனால் உருவாகும் ஆஞ்சியோடென்சின் ரத்தக்குழாய்களை இறுக்கி, உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். பிரஷர் இன்னும் ஏறும்.

எனக்கு உறுத்துவது கிரியேட்டினின்தான். சுருங்கிய பக்கத்தில் வடிகட்டலைத் தாங்கிப் பிடிப்பதும் அதே ஆஞ்சியோடென்சின். ராமிப்ரில் அதைக் குறைத்துவிடும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாகப் பொறுத்துக்கொள்வார்கள், இது 50-ஐத் தாண்டிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் என்றால் மற்றது ஓரளவு ஈடுகட்டியிருக்கும். ஆகவே வலது தமனியையும் சரியாகப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இரண்டும் சுருங்கியிருந்தால் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். அப்படி வந்தால் நேரே அவசர சிகிச்சைதான். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், ரிப்போர்ட்டை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, ஸ்டென்ட் (சுருங்கிய குழாயை விரித்துவைக்கும் சிறு வலைக்குழல்)? சுருக்கம் என்றாலே ஸ்டென்ட் என்பதில்லை. 2014-ல் வெளியான கோரல் ஆய்வில், கொழுப்புப் படிவால் சுருங்கியவர்களுக்கு மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்ததில் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. நுரையீரலில் நீர் கோப்பது, சிறுநீரகம் மளமளவென்று கெடுவது என்றால் கணக்கு வேறு.

அப்புறம், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலிமாத்திரை ஏதாவது போடுகிறாரா? அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.