பாசி மண்டிக்கிடக்குற ஏரியில லார்ஜ்மவுத் பாஸ் மீன் பிடிக்கிறது எப்படி?

ஃப்ளோரிடாவுக்குப் புதுசா வந்திருக்கேன், வீட்டுப் பக்கத்து ஏரியில இடுப்பளவுதான் தண்ணி, எங்க போட்டாலும் லூர் (அதான் பொய் இரை) பாசியோடதான் வருது, பாஸ் மட்டும் வரவே இல்லன்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் முதல் வருஷம் முழுக்க இதே கதைதான்.

நான் இருக்கிறது கிஸ்ஸிமி பக்கம். லேக் டோஹோபெகலிகா, இங்க எல்லாரும் டோஹோன்னுதான் சொல்லுவாங்க, அதுதான் நம்ம கிரவுண்டு. 2001 ஜனவரியில டீன் ரோஹாஸ்னு ஒருத்தர் இந்த ஏரியில ஒரே நாள்ல அஞ்சு பாஸ் பிடிச்சு 45 பவுண்டு 2 அவுன்ஸ் காட்டினாரு, அதாவது ஒரு மீன் சராசரி 4 கிலோ. அதே ஏரியில நான் ஒரு வருஷம் போய் மொத்தமா பிடிச்சது நாலு பாஸ், அதுல ரெண்டு என் உள்ளங்கை அளவு. காரணம் என்னன்னா பாசிக்குப் பயந்து சுத்தமான தண்ணியா தேடித்தேடிப் போட்டுக்கிட்டு இருந்தேன், அங்க மீனே இல்ல.

இந்த ஊர் ஏரிங்க எல்லாம் தட்டு மாதிரி. ஒக்கிச்சோபி 730 சதுர மைல், கடல் மாதிரி தெரியும், ஆனா சராசரி ஆழம் 9 அடிதான். பாறை கிடையாது, பெருசா பள்ளம் கிடையாது, அப்போ மீனுக்கு நிழல், ஒளிஞ்சுக்க இடம், சாப்பாடு எல்லாம் இந்த செடிகொடிதான். அதனால பாசிக்குள்ளயே போடுங்க, ஆனா கண்ட இடத்துல போடாதீங்க. எங்க மாறுதோ அங்க போடுங்க. கோரை முடிஞ்சு அல்லி இலை ஆரம்பிக்கிற இடம், அடர்த்தியான பாசிக்கு நடுவுல வாஷ்பேசின் சைஸ்ல ஒரு ஓட்டை, பாசி ஓரம் மூக்கு மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற இடம், இந்த மாதிரி. பச்சைப்பசேல்னு இருக்கணும், பழுப்பாகி அழுகிப்போன பாசி பக்கம் போகாதீங்க, அழுகுற செடி தண்ணியில இருக்கிற ஆக்சிஜனைக் குடிச்சிடும். கண்ணை விட காதும் முக்கியம். காலையில அல்லி இலைக்கு அடியில இச் இச்னு முத்தம் கொடுக்குற மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க, அது ப்ளூகில் மீன் பூச்சி தின்னுற சத்தம். ப்ளூகில் இருந்தா அதைத் தின்னுற பெரியவரும் பக்கத்துலதான் இருப்பாரு.

இப்ப சாமான். மெல்லிசா நைலான் லைன் போட்டு இங்க ஒண்ணும் பண்ண முடியாது. 7 அடிக்குக் குறையாம ஹெவி ராடு, 50லருந்து 65 பவுண்டு தாங்குற பிரெய்டு லைன், அதாவது பின்னின நூல். இவ்வளவு தடிப்பு எதுக்குன்னா, 2 கிலோ மீன் பாசிக்குள்ள சுத்திக்கிச்சுன்னா நீங்க மீனோட சேர்த்து நாலஞ்சு கிலோ பாசியையும் இழுக்கணும். லூர்ல ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா உள்ள காத்து இருக்கிற ரப்பர் தவளை வாங்குங்க. அதோட ரெண்டு முள்ளும் முதுகோட ஒட்டி மேல பார்த்து இருக்கும், அதனால பாசி மேல வழுக்கிக்கிட்டு வரும், மீன் கடிச்சு அமுக்கும்போதுதான் முள்ளு வெளிய தெரியும். அப்பப்போ உள்ள தண்ணி ஏறிக்கும், ஒரு பிழி பிழிஞ்சு விட்டுடுங்க.

நம்ம ஊர்ல தவளை போட்டு விரால் பிடிச்சவங்களுக்கு இது பாதி தெரிஞ்ச வித்தைதான். சின்ன வயசுல மன்னார்குடி பக்கம் எங்க மாமா கூட குளத்துக்குப் போவேன், அவரு உயிரோட இருக்கிற தவளைக்குஞ்சை முள்ளுல மாட்டி ஆகாயத்தாமரை ஓரமா தத்தவிடுவாரு, விரால் டபக்னு அடிச்சதும் நான் கத்துவேன், அவரு "சும்மா இருடா, முழுங்கட்டும்"னு பீடியை ஒரு இழுப்பு இழுத்துட்டு அப்புறம்தான் கழியைத் தூக்குவாரு. இதெல்லாம் தெரிஞ்சும் டோஹோல முதல் தடவை தவளையை பாஸ் அடிச்சப்போ என்ன பண்ணேன் தெரியுமா? அல்லி இலை லேசா ஆடுச்சு, தவளையை நிறுத்தினேன், ஒரு மூணு செகண்டு ஒண்ணுமே இல்ல, திடீர்னு யாரோ தண்ணிக்குள்ள செங்கல்லைப் போட்ட மாதிரி ஒரு சத்தம், பதறிப்போய் ராடைப் பின்னால வெட்டினேன், தவளை பறந்து வந்து என் தொப்பியில அடிச்சுது. மீன் போயே போச்சு. சத்தத்துக்கு இழுக்காதீங்க, தவளை காணாமப் போய் லைன் நகர்றதோ வெயிட்டோ தெரிஞ்ச பிறகு இழுங்க, ஒண்ணு ரெண்டு எண்ணினா போதும். விரால் அளவுக்கு முழுங்கவும் விடக்கூடாது, தொண்டையில முள்ளு போனா மீனைத் திரும்ப விட முடியாது. மாட்டினதும் ராடை உயர்த்தியே வச்சு நிக்காம சுத்துங்க, தலையைப் பாசிக்கு மேல கொண்டு வந்துட்டா சறுக்கிக்கிட்டே வந்துடும், கீழ இறங்க விட்டா அவ்வளவுதான்.

வெயில் ஏறினா தவளைக்கு மதிப்பு குறையும். அப்போ மீன் பாசிக் கூரைக்கு அடியில நிழல்ல நிக்கும். ஒரு அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டு போட்டு பிளாஸ்டிக் நண்டு மாதிரி ஒண்ணை மாட்டி, கூரையைக் குத்தி உள்ள இறக்கணும். இதுக்குப் படகோ கயாக்கோ வேணும், தோளும் வேணும், கரையிலருந்து பண்றவங்களுக்கு சரிப்படாது. கரையிலருந்துன்னா குண்டே இல்லாம 5 இஞ்ச் பிளாஸ்டிக் புழு, முள்ளு நுனியைப் புழு உடம்புக்குள்ளயே குத்தி மறைச்சு, ஓட்டைங்கள்ல போட்டுத் தானா இறங்க விடுங்க. பெரும்பாலும் இறங்கும்போதே கடிக்கும், லைன் பக்கவாட்டுல நகரும், கையில ஒண்ணும் தெரியாது.

சைடுல ஒரு விஷயம். உங்க லூர்ல மாட்டுற ஹைட்ரில்லா பாசி 1950கள்ல இலங்கையிலருந்து மீன் தொட்டிக்குன்னு டாம்பாவுக்கு வந்தது, இந்தியன் ஸ்டார் வைன்னு பேரு வேற. அப்படியே கால்வாய்க்குள்ள போய் இன்னைக்கு ஸ்டேட் முழுக்க பரவி, மருந்து அடிச்சும் அடங்கல. மருந்தடிச்சா மீன் பிடிக்கிறவங்க சண்டைக்கு வருவாங்க, ஏன்னா பாஸுக்கு அது ரொம்பப் பிடிச்ச வீடு.

ஜனவரியிலருந்து மார்ச் வரைக்கும் ஆழம் குறைஞ்ச இடத்துல வெளிர் வட்டமா கூடு தெரியும், ஆண் மீன் காவல் நிக்கும். அதைப் பிடிச்சுத் தூக்கிட்டா அந்த நேரத்துக்குள்ள ப்ளூகில் வந்து முட்டையைத் தின்னுடும், அதனால நான் கூட்டுல போடுறதில்ல, போடுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அது அவங்க இஷ்டம்.

லைசென்ஸ் எடுத்துடுங்க, இங்க குடியிருக்கிறவங்களுக்கு நல்ல தண்ணி மீனுக்கு வருஷத்துக்கு 17 டாலர். நாளைக்கு 5 பாஸ் வச்சுக்கலாம், அதுல ஒண்ணுதான் 16 இஞ்ச்சோ அதுக்கு மேலயோ இருக்கலாம். குழம்புக்கு ஆகுமான்னு கண்டிப்பா அடுத்துக் கேப்பீங்க, விரால் குழம்பு பக்கத்துல கூட வராது, வறுக்கணும்னா ப்ளூகில் எவ்வளவோ தேவலை. பாஸை நான் விட்டுடுவேன். பெருசா இருந்தா தாடையில மட்டும் பிடிச்சுத் தொங்கவிடாதீங்க, இன்னொரு கையை வயித்துக்கு அடியில கொடுங்க.

அப்புறம், தவளை லூருக்குப் பின்னாடி தண்ணியில ரெண்டு கண்ணு மட்டும் மிதந்து வந்தா அது முதலை. வேகமா சுத்தி லூரை எடுத்துட்டு நூறு அடி தள்ளிப் போய் போடுங்க, 10 டாலர் தவளைக்காக அதோட மல்லுக்கு நிக்காதீங்க. நான் ரெண்டு தவளை தானம் பண்ணியிருக்கேன்.